ஒலிநாடாவில் பதிந்த சாட்சி

தமிழ்ப் புராட்டஸ்டாந்து சபைகளில் ‘சாட்சி சொல்லுதல்’ என்பது ஆராதனையின் ஓர் அங்கம். குடியிலிருந்தோ, தீராத நோயிலிருந்தோ, கடன் சுமையிலிருந்தோ மீண்ட ஒருவர் சபையார் முன் எழுந்து நின்று, முன்பு தாம் எப்படி இருந்தார், எந்த நாளில் எந்த வார்த்தையால் தொடப்பட்டார், இன்று எப்படி இருக்கிறார் என்று மூன்று படிகளில் சொல்லி முடிக்க, கேட்டவர்கள் ‘அல்லேலூயா’ என்று அதை ஏற்றுக்கொள்வது வழக்கம். நீதிமன்றத்தில் சொல்லப்படுவதற்கும் தமிழில் இதே சொல்தான். ஆயினும் நீதிமன்றச் சாட்சிக்குக் குறுக்கு விசாரணை உண்டு, சபைச் சாட்சிக்கு அது கிடையாது, இருக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதும் இல்லை. 1970களில் கலிஃபோர்னியாவில் தோன்றி, 1990களில் மணிலாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்த ‘எக்ஸ்-கே’ இயக்கம், அதாவது ஆணை நாடும் ஆணும் பெண்ணை நாடும் பெண்ணும் விசுவாசத்தினால் அந்த நாட்டத்திலிருந்து ‘விடுதலை’ பெற்று ‘முன்னாள்’ தன்பாலீர்ப்பாளர் ஆகலாம் என்று போதித்த ஊழியங்களின் தொகுப்பு, சாட்சி என்னும் இந்த ஒற்றைத் தூணின்மேல் எழுப்பப்பட்டது. அத்தூணை முதலில் நட்டவர்களில் ஒருவரான ஃபிராங்க் வொர்தனின் வாழ்க்கையைத் தொடர்ந்து சென்றால், அந்த இயக்கம் எதனால் வளர்ந்ததோ அதனாலேயே சரிந்தது என்பது புலப்படும்.

‘முன்னாள்’ என்ற அடைமொழிக்கு வேதாகம மூலம் ஒன்று காட்டப்பட்டது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில், தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்களின் பட்டியல் ஒன்றைத் தரும் பவுல் அப்போஸ்தலர், சபையாரில் சிலர் முன்பு அப்பட்டியலுக்கு உரியவர்களாய் இருந்து பின்னர் கழுவப்பட்டார்கள் என்று இறந்தகாலத்தில் பேசுகிறார். அந்த இறந்தகால வினைமுற்றே இவ்வியக்கத்தின் மூலவசனம் ஆயிற்று. ஆனால் அப்பட்டியலில் உள்ள கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று முதன்முதலாக ‘ஹோமோசெக்‌ஷுவல்’ என்று பொருள் தந்தது 1946-இல்தான். அது 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் எழுத்துகளில் பிறந்து மருத்துவத்துக்குள் புகுந்த சொல். ஒரு செயலை மட்டுமன்றி ஒருவகை மனிதரையே சுட்டுவது. தமிழ்ச் சபைகளில் பெரிதும் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பிலோ ‘ஆண்புணர்ச்சிக்காரர்’ என்று செயலைச் சுட்டும் சொல்லே நின்றது. ஆங்கிலத்தில் வேதம் வாசித்தவருக்குத் தாம் ‘யார்’ என்ற கேள்வியாக வந்தது, தமிழில் வாசித்தவருக்கு ‘என்ன செய்தாய்’ என்ற கேள்வியாக வந்தது. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இவ்வியக்கத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதுவது அதனைப் பாதி மட்டுமே எழுதுவதாகும்.

1929-இல் பிறந்த வொர்தன், சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் வணிகம் செய்தவர். ஏறத்தாழ 25 ஆண்டுகள் அந்நகரத்துத் தன்பாலீர்ப்பாளர் வட்டங்களில் வாழ்ந்தவர். 1973 மே மாதத்தில், தமது 44ஆம் வயதையொட்டி, தேவன் தம்மைத் திரும்ப அழைத்ததாக உணர்ந்து அவ்வாழ்க்கையை விட்டு விலகினார். அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எனினும் ஒரே ஆண்டில் அவை நிகழ்ந்தமை பொருள் நிறைந்தது. மின்னதிர்ச்சியும் அருவருப்பூட்டும் மருந்தும் கொடுத்து ‘குணப்படுத்த’ முயன்ற மருத்துவம் இது நோயன்று என்று கைவிட்ட அந்த வேளையில்தான், நோய் என்ற சொல்லை ‘பாவக்கட்டு’ என்று மாற்றிக்கொண்டு அதே பணியை ஊழியம் எடுத்துக்கொண்டது.

அக்காலக் கலிஃபோர்னியாவில் ‘இயேசு இயக்கம்’ எனப்பட்ட எழுப்புதல் பரவியிருந்தது; நீள்முடி வைத்த ஹிப்பி இளைஞர்களும் போதைப்பழக்கத்திலிருந்து மீண்டவர்களும் வீட்டுச் சபைகளில் கூடிச் சாட்சி சொன்ன காலம் அது. சான் ரஃபேல் நகரில் அத்தகைய சபை ஒன்றின் போதகராயிருந்த கென்ட் ஃபில்பாட்டுடன் வொர்தன் சேர்ந்தார். தமது மனந்திரும்புதலை ஒலிநாடா ஒன்றில் பேசிப் பதிந்து, பெர்க்லியில் வெளியான ‘பெர்க்லி பார்ப்’ என்னும் மாற்றுப் பண்பாட்டு வார இதழில், இவ்வாழ்க்கையிலிருந்து வெளியேற விரும்புவோர் அந்த நாடாவை எழுதிப் பெறலாம் என்று விளம்பரம் செய்தார். நாடாவைக் கேட்டவர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. கடிதம் எழுதியவர்கள் ஒரு குழுவாகக் கூடினார்கள். ‘லவ் இன் ஆக்‌ஷன்’, அதாவது ‘செயலில் அன்பு’ என்ற பெயரில் அமைந்த அக்குழுவே இத்தகைய ஊழியங்களில் மிகப் பழமையானது. வொர்தன் ஒரு சபையையோ மருத்துவமனையையோ கட்டித் தொடங்கவில்லை, ஒரு குரலைப் படியெடுத்துத் தொடங்கினார் என்பது இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஏனெனில் சபையில் நின்று சொல்லப்படும் சாட்சியைச் சொன்னவரை அடுத்த ஆண்டும் அச்சபையார் பார்க்கிறார்கள், அவர் தடுமாறினால் அதையும் அறிகிறார்கள். அஞ்சலில் வந்த நாடாவிலோ சாட்சி சொன்னவர் என்றும் மீட்கப்பட்ட அந்த நாளிலேயே நின்றுவிடுகிறார்.

அதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1975-இல் ஃபில்பாட் வெளியிட்ட ‘மூன்றாம் பாலா?’ என்ற நூல் ஆறு பேரின் மாற்றக் கதைகளைத் தொகுத்துத் தந்தது. அமெரிக்காவெங்கும் அதைப் படித்தவர்கள் தங்கள் ஊரிலும் இப்படியொரு குழு வேண்டுமென்று எழுதிக்கொண்டிருந்தபோதே, அந்த ஆறு பேரில் சிலர் தங்கள் கதையை மறுக்கத் தொடங்கினர். இறுதியில் நூல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. ‘லவ் இன் ஆக்‌ஷன்’ தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் எவன்ஸ், மாற முடியவில்லையே என்ற மனவேதனையில் தம் நெருங்கிய நண்பர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டபின் ஊழியத்தை விட்டு வெளியேறி, எஞ்சிய வாழ்நாளில் அதை வெளிப்படையாக எதிர்த்தார். இவ்வளவும் முதல் சில ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவை. இயக்கத்தின் இறுதிக்காலச் சீர்கேடாகப் பலரும் கருதுவது உண்மையில் அதன் தொடக்கத்திலேயே இருந்தது என்பதை இந்நிகழ்வுகள் மறுக்க இயலாதவாறு காட்டுகின்றன.

1976-இல் அனஹைம் நகரில் இத்தகைய ஊழியங்களின் முதல் மாநாடு கூடியபோது, அவற்றின் கூட்டமைப்புக்கு ‘எக்ஸோடஸ்’ என்று பெயரிடப்பட்டது. தமிழ் வேதாகமத்தில் இது ‘யாத்திராகமம்’. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்டுச் சென்றதைச் சொல்லும் நூல். புறப்பாட்டை விரிவாகச் சொல்லும் அந்நூல் கானானுக்குள் நுழைவதைச் சொல்லவில்லை என்பதும், நாற்பது ஆண்டு வனாந்தர அலைச்சலே அடுத்து வருகிறது என்பதும் வேதமறிந்த எவருக்கும் தெரியும். பெயரிட்டவர்கள் நினைத்ததைவிடப் பொருத்தமான பெயர் அது. அம்மாநாட்டை நடத்தியவர்களில் இருவரான மைக்கேல் பஸ்ஸீயும் கேரி கூப்பரும், ஊழியப் பயணங்களினிடையே தங்களுக்குள் அரும்பிய அன்பை மறைக்க மாட்டாமல், 1979-இல் இயக்கத்தை விட்டு விலகி இணைந்து வாழத் தொடங்கினர்.

இவ்விலகல்கள் வொர்தனை அசைக்கவில்லை. உறுதியான பயிற்சி இல்லாமையே பின்வாங்குதலுக்குக் காரணம் என்று கருதிய அவர், ஆண்கள் ஒரே வளாகத்தில் ஓராண்டு தங்கியிருந்து பயிலும் திட்டமொன்றை சான் ரஃபேலில் ஏற்படுத்தினார். பகலில் அவரவர் வேலை, மாலையில் வேதபாடம், வாரந்தோறும் குழுவில் பாவ அறிக்கை. தனித்து வெளியே செல்வதற்குக் கட்டுப்பாடு, பழைய நண்பர்களுடன் தொடர்புக்குத் தடை. ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கணக்கொப்புவிக்க வேண்டும் என்ற விதி. குடிநோயாளர் மீட்புக் குழுக்களிலிருந்து பெற்ற முறைகள் இவற்றில் பல. கோட்பாட்டுக்கு, 1983-இல் எலிசபெத் மோபர்லி என்னும் பிரித்தானிய இறையியலாளர் எழுதிய நூல் அடிப்படை ஆயிற்று: குழந்தைப்பருவத்தில் தன் பாலைச் சேர்ந்த பெற்றோருடன் பிணைப்பு முறிந்தவர், அக்குறையை நிரப்பவே வளர்ந்தபின் தன் பாலினரை நாடுகிறார், ஆகவே பாலுறவு கலவாத நட்பினால் அது நிரம்பிவிடும் என்பது அவர் கருத்து. இதற்குப் போதிய சான்று கிடையாது. ஆனாலும் மாறாத மகனைப் பெற்ற தந்தையின் தலையில் பழியைச் சுமத்தியதன் மூலம், ஒருவருக்கு நேர்ந்த துயரத்தை ஒரு குடும்பத்துக்கே உரியதாக அது பெருக்கியது. வொர்தன் 1984-இல் மணந்த அனிதா, தன்பாலீர்ப்பாளரான மகனைத் தனியே வளர்த்த தாய். அம்மகன் பின்னர் எய்ட்ஸ் நோயால் மறைந்தார். அத்தம்பதியரின் ஊழியத்தில் வெறுப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. கைவிடப்பட்டுச் சாகக் கிடந்தவர்களை அவர்கள் தங்களுடையவர்களாகவே கருதினார்கள். அன்பினால் இழைக்கப்பட்ட தீங்கு என்பதாலேயே அதை எதிர்த்துப் பேசுவது பாதிக்கப்பட்டவர்களுக்கு அத்தனை கடினமாயிருந்தது.

1990களின் முற்பகுதியில் வொர்தன் தம்பதியர் மணிலாவுக்குக் குடிபெயர்ந்து சில ஆண்டுகள் தங்கி ‘பாகோங் பாக்-ஆசா’ என்ற ஊழியத்தை உருவாக்கினர். தகாலோக் மொழியில் அதற்குப் ‘புதிய நம்பிக்கை’ என்று பொருள், சான் ரஃபேலில் வொர்தன் பின்னர் நடத்திய ஊழியத்தின் பெயரும் அதுவே. ஏறத்தாழ அதே காலத்தில், 1991-இல், எக்ஸோடஸின் முன்னாள் தலைவர் சை ரோஜர்ஸ் சிங்கப்பூருக்கு வந்து, ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த நம் இரட்சகர் ஆலயத்தில் ‘சாய்ஸஸ்’, அதாவது ‘தெரிவுகள்’ என்ற ஊழியத்தை அமைத்தார். அவருடைய சாட்சி வொர்தனுடையதிலிருந்து வேறுபட்டது: பெண்ணாக வாழ்ந்து, பாலின மாற்று அறுவைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நிலையில், 1980-இல் மனந்திரும்பியவர் அவர். தாம் எந்தப் பாலினர் என்ற உணர்வும், எந்தப் பாலினர்மேல் ஈர்ப்பு என்பதும் இருவேறு செய்திகள். திருநரையும் தன்பாலீர்ப்பாளரையும் ஒரே மேடையில் ஒரே பாவத்தின் இரு முகங்களாக நிறுத்திய குழப்பம் தென்கிழக்காசியச் சபைகளில் வேரூன்றியதற்கு, நாவன்மையும் நகைச்சுவையும் மிக்க அவருடைய சாட்சி பெரிதும் காரணமாயிற்று. மலாக்காவில் ‘ரியல் லவ்’ என்ற பெயரில் எழுந்த ஊழியம் உட்பட, மலேசியாவில் ஆங்கிலம் பேசும் நகரச் சபைகளிடையே இதே போதனை பரவியது.

இப்போதனை வந்திறங்கிய நிலம் வெற்று நிலமன்று. மலேசியத் தமிழரின் கிறித்தவமும் அவர்களுடைய தோட்ட வாழ்வும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தவை. 1885-இல் இந்தியாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் ஊழியர்கள் சிங்கப்பூரில் பணி தொடங்கினர். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங்கின் மேற்கு மலைகளில் தம் பெயரால் இன்று வழங்கும் கேமரன் மலையைக் கண்டு குறித்ததும் அதே ஆண்டில்தான். 1929-இல் ‘போ’ தோட்டம் தொடங்கியதிலிருந்து அம்மலையில் தேயிலை பரவ, தமிழகத்து ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் லயன் வீடுகளில் குடியமர்ந்தன. மாரியம்மன் கோயிலும் சிற்றாலயமும் அருகருகே நின்ற தோட்டச் சமூகங்களில், ‘விடுதலை’ ஊழியமும் மருத்துவமும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே சட்டம் வந்து சேர்ந்திருந்தது.

அச்சட்டத்தின் வழி தெளிவானது. 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ‘இயற்கை நெறிக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்கியது; அச்சட்டம் 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும், பின்னர் பகாங் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. கப்பலேறி வந்த தொழிலாளியைத் தொடர்ந்து, அவர் விட்டுவந்த நாட்டின் குற்றப்பிரிவு அதே எண்ணுடன் வந்து சேர்ந்தது என்றே இதனைக் கூற வேண்டும். மலேசியா 1989-இல் அப்பிரிவை விரித்து, 377ஏ, 377பி என்ற பிரிவுகளின்கீழ் 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதித்தது. 1998-இல் முன்னாள் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் மீது தொடரப்பட்ட வழக்கு, அதுவரை சட்டநூல்களில் கிடந்த அவ்வெண்ணை நாளேடுகளின் முதற்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. இவ்வாறு ஒரு மலேசியத் தமிழ்க் கிறித்தவ இளைஞர் தம் நாட்டத்தை உணரத் தொடங்கும்போது, அவருக்கென்று காத்திருந்த சொற்கள் மூன்று: சட்டத்தின் குற்றம், வேதமொழிபெயர்ப்பின் ஆண்புணர்ச்சிக்காரர், ஊழியத்தின் முன்னாள். மூன்றும் வெளியிலிருந்து வந்து அவர்மேல் இடப்பட்டவை. தம் வாயால் தம்மைக் குறிக்கும் சொல் ஒன்று அவற்றுள் இல்லை.

இவற்றுடன் குடும்பம் வைத்திருந்த மருந்து ஒன்றும் உண்டு. ‘ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது, சமயம் எதுவாயினும் தமிழ் வீடுகளில் கேட்டுப் பழகிய தீர்ப்பு. எக்ஸோடஸ் தன் போதனையில் திருமணத்தை வாக்களிக்கவில்லை. பரிசுத்தமே நோக்கம் என்றுதான் அதன் தலைவர்கள் திரும்பத் திரும்பக் கூறினர். ஆனால் மேடையேறிய சாட்சிகளில் மனைவியும் குழந்தையும் அருகிருக்கும் புகைப்படமே மாற்றத்தின் ஆதாரமாகக் காட்டப்பட்டமையால், அமெரிக்கப் போதனையும் தமிழ்க் குடும்ப வழக்கமும் வெவ்வேறு வழியாக வந்து ஒரே வாசலில் நின்றன. அந்த வாசலில் நுழைந்த பெண்ணின் வாழ்க்கையைப் பற்றி இவ்வியக்கத்தின் எழுத்துகள் பேசியது மிகக் குறைவு. கணவனின் விடுதலைக்கு அத்தாட்சியாக வாழும்படி பணிக்கப்பட்ட அவளுக்குச் சாட்சி சொல்லும் முறை வரவேயில்லை என்பது, இவ்வரலாற்றின் ஆறாத வடுக்களில் ஒன்று.

மலேசியாவிலும் மறுசாட்சி எழுந்தது. சீனக் கிறித்தவ எழுத்தாளரும் போதகருமான ஓயாங் வென் ஃபெங், திருமண வாழ்வில் பல ஆண்டுகள் முயன்றபின், 2006-இல் தாம் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்து, தம்மைப் போன்றோரை ஏற்கும் சபையைக் கோலாலம்பூரில் உருவாக்கினார். மறுபுறம், மாற்ற முடியும் என்ற எண்ணம் கிறித்தவ ஊழியங்களுக்கு மட்டும் உரியதாக நிற்கவில்லை: 2011-இல் திரெங்கானு மாநிலம் பெசூட்டில், பெண்மைச் சாயல் உள்ளவர்களாகக் கருதப்பட்ட 66 பள்ளி மாணவர்கள் முகாம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டனர், அவ்வாண்டு முதல் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையும் முஸ்லிம்களுக்கென அத்தகைய முகாம்களை நடத்தத் தொடங்கியது.

இதற்கிடையில் அமெரிக்காவில் தூண் சரிந்துகொண்டிருந்தது. தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் முக்கியப் பங்காற்றிய மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரே, மாறியதாகக் கூறிய 200 பேரைத் தொலைபேசியில் பேட்டி கண்டு, சிலருக்கு மாற்றம் இயலும் என்ற ஆய்வை 2003-இல் வெளியிட்டது ஊழியங்களுக்குப் பெருவெற்றியாகத் தோன்றியது. ஆனால் அவ்வாய்வு சாட்சிகளைக் கேட்டதேயன்றிச் சோதித்ததன்று, சொன்னவர் தம்மையே ஏமாற்றிக்கொண்டாரா என்பதை அறிய அதில் வழியில்லை என்று ஒப்புக்கொண்டு, 2012-இல் அவர் மன்னிப்புக் கேட்டார். 2007-இல் மைக்கேல் பஸ்ஸீயும் வேறு இரு முன்னாள் தலைவர்களும் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினர். வொர்தனுக்குப் பின் ‘லவ் இன் ஆக்‌ஷனை’ மெம்ஃபிஸ் நகரில் நடத்திய ஜான் ஸ்மிட், முற்றிலும் மாறிய ஓர் ஆணைத் தாம் கண்டதே இல்லை என்று 2011-இல் எழுதினார். எக்ஸோடஸின் கடைசித் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தாம் சந்தித்தவர்களில் 99.9 விழுக்காட்டினரின் நாட்டம் மாறவில்லை என்று 2012-இல் கூறி, 2013 ஜூன் 19 அன்று மன்னிப்புடன் அமைப்பையே மூடினார். இவர்கள் ஒருவரும் வெளியிலிருந்து வந்த எதிரிகள் அல்லர். ஒவ்வொருவரும் தாம் சொன்ன சாட்சியைத் தாமே குறுக்கு விசாரணை செய்தவர்கள். வொர்தன் மட்டும் மாறவில்லை. எக்ஸோடஸின் புதிய போக்கை ஏற்காதவர்கள் 2012-இல் அமைத்த கூட்டமைப்பின் பக்கம் நின்ற அவர், 1973-இல் சொன்னதையே சொல்லி, 2017 பிப்ரவரியில் 87ஆம் வயதில் மறைந்தார். சை ரோஜர்ஸ் 2020 ஏப்ரலில் மறைந்தார்.

தமிழில் இவ்விவாதத்துக்கு முறையான விசாரணை கிடைத்தது சபையிலன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில். மதுரையிலிருந்து வெளியேறிச் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரு இளம்பெண்கள், பெற்றோரின் புகார்மீது காவல்துறை எடுத்த நடவடிக்கையிலிருந்து பாதுகாப்புக் கோரிய வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இவ்வுறவைத் தாமே முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை என்று திறந்த மனத்துடன் பதிவுசெய்து, உளவியலாளர் ஒருவரிடம் மாணவரைப்போல் அமர்ந்து கேட்டறிந்தபின், 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, ‘மாற்றச் சிகிச்சை’ தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவ மன்றங்களுக்கு அறிவித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, இம்மக்களைக் கண்ணியத்துடன் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. ‘பால்புதுமையர்’ முதலிய அச்சொற்களை ஆக்குவதில் அச்சமூகத்தினரும் பங்குகொண்டனர்.

மாற்றச் சிகிச்சைக்கு விதிக்கப்பட்ட அத்தடையின் எல்லை குறுகியது. மருத்துவரின் உரிமத்தை மன்றம் பறிக்கலாம். உரிமமே தேவைப்படாத போதகரையும் ஊழியரையும் அது கட்டுப்படுத்தாது. குற்றப்பிரிவின் நிலையும் நாட்டுக்கு நாடு வேறு: சிங்கப்பூர் தன் 377ஏ பிரிவை 2023 ஜனவரியில் நீக்கிவிட்டது. அதே எண்ணுள்ள பிரிவு பகாங்கின் மலைகளில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.